மணலில் எழுதிய விரல்கள்: எங்கள் வீட்டு விளையாட்டுகளின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசித்தாலும் போதும்.

தரம் ஒன்றுக்குப் பிள்ளைகள் வந்து சேரும் முதல் கிழமையில் நாங்கள் செய்யும் சின்ன வேலை ஒன்று இருக்கிறது. மேசையில் ஒரு கைபிடி புளியங்கொட்டையைப் பரப்பிவிட்டு, "எனக்கு ஏழு கொட்டை எடுத்துத் தாங்க" என்று கேட்போம். ஒரு வருடம் ஒரு மகன் வந்தான். நூறு வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னான். கொப்பி நிறைய ஆங்கில எழுத்து எழுதிக் காட்டினான். மூன்று வயதிலேயே டியூசன் தொடங்கிய பிள்ளை. ஏழு கொட்டை கேட்டதும் இரண்டு கையாலும் அள்ளித் தந்தான். ஏழு என்பது அவனுக்கு ஒரு சத்தம் மட்டும்தான்.

அதே கிழமை இன்னொரு மகள் வந்தாள். வாப்பா கரைவலைக்குப் போகிறவர். முன்பள்ளிக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளை. அவள் கொட்டைகளை இரண்டிரண்டாக அடுக்கி, மிஞ்சிய ஒன்றைத் தனியே வைத்து, "இதுக்குச் சோடி இல்ல டீச்சர்" என்றாள். யாரிடம் படித்தாய் என்று கேட்டோம். "உம்மம்மாட்ட" என்றாள். என்ன படிப்பித்தார் என்று கேட்டதற்கு, "ஒண்டும் படிப்பிக்கல்ல, வெளாடின" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புத்தான் எங்களைத் தேட வைத்தது. உம்மம்மாவின் விளையாட்டுக்கும் நாங்கள் கல்லூரியில் படித்த கற்பித்தல் முறைகளுக்கும் என்ன தொடர்பு? தேடிப் போனால், கதையின் ஒரு நுனி எங்கள் திருகோணமலை மாவட்டத்திலேயே கிடைத்தது.

கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்குவோம்

1659 நவம்பரில் சோழமண்டலக் கரையில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. புதுப் பாய்மரம் நடுவதற்காக அது மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பலின் தலைவரையும் அவருடைய மகனையும் வேறு சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த மகன்தான் றொபேர்ட் நொக்ஸ். அப்போது வயது 19. தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது வருடம் கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் வாழ்ந்து, 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் அவருடைய நூல் வெளியானது.

அந்த நூலில் அரசன், போர், யானை, கறுவா எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, அந்த மக்கள் எழுத்துப் பழகும் முறை பற்றியும் சிறு குறிப்பு ஒன்று வருகிறது. நிலத்தில் மணலைப் பரப்புகிறார்கள், கையால் தடவிச் சமப்படுத்துகிறார்கள், விரலால் எழுத்தை எழுதி எழுதிக் கையைப் பழக்குகிறார்கள் என்கிறார். அங்கே படிப்பிக்கும் பள்ளிக்கூடங்கள் இல்லை என்றும் அவரே எழுதுகிறார். பள்ளிக்கூடம் இல்லாமலும் எழுத்து வந்திருக்கிறது. அந்த எழுத்து மணலில் பழகிய எழுத்து.

அவர் எழுதியது மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களைப் பற்றி. ஆனால் இந்தப் பழக்கம் இந்தப் பக்கத்து மக்கள் எல்லாருக்கும் பொதுவானது. எங்கள் அயலூர்த் தமிழ்ச் சகோதரர்களின் வீடுகளில் விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைத்து ஏடு தொடக்குவதை இன்றும் பார்க்கிறோம்.

நொக்ஸுக்கு முன்பே, 1623இல், பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி இன்றைய கர்நாடகத்தில் உள்ள இக்கேரி என்ற ஊரில் இதைக் கண்டிருக்கிறார். நான்கு சிறுவர்கள் கூடியிருந்து கணக்கைப் பாட்டாகப் பாடிப் பாடி, நிலத்தில் பரப்பிய மெல்லிய மணலில் விரலால் எழுதினார்கள். நிரம்பியதும் அழித்துவிட்டு மறுபடி எழுதினார்கள். பக்கத்தில் ஆசிரியர் யாரும் இல்லை. பிழை வந்தால் யார் திருத்துவது என்று அவர் கேட்டார். நான்கு பேருக்கும் ஒரே இடத்தில் மறதி வராதே என்று பிள்ளைகள் பதில் சொன்னார்கள். குழுவாகக் கற்றல் என்று இன்று செயலமர்வு வைத்து எங்களுக்கு விளக்குகிறார்கள். அந்த நாலு பையன்களும் அதை நானூறு வருடத்துக்கு முன்பே தரையில் இருந்து செய்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் மணல் லண்டனுக்குப் போன கதை

1787இல் அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். படைவீரர்களின் பிள்ளைகள் இருந்த இடம் அது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படியவே இல்லை. ஒரு நாள் வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் இருந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தன் இல்லத்து ஆசிரியர்களிடம் அதைச் செய்யச் சொன்னார். அவர்கள் விரும்பவில்லை. ஆகவே ஜோன் பிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்களால் முடியாததை அந்தப் பையன் மணலை வைத்துச் செய்து காட்டினான்.

பெல் இதை 1797இல் லண்டனில் சிறு நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பரவியது. 1798இல் லண்டன் சவுத்வார்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் மணல் மேசையை எடுத்துக்கொண்டார். தாளும் மையும் வாங்க வசதியில்லாத லண்டன் பிள்ளைகள், சோழமண்டலக் கரைப் பிள்ளைகளைப் போல மணலில் எழுதினார்கள். எங்கள் பக்கத்திலிருந்து உலகத்துக்குப் போனவை கறுவாவும் முத்தும் மட்டும்தான் என்று நினைத்திருந்த எங்களுக்கு இது பெருமையாக இருந்தது.

ஆனால் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். லங்காஸ்டரின் மண்டபத்தில் ஒரே ஆசிரியருக்குக் கீழே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருந்தார்கள். கட்டளை வந்ததும் எல்லாரும் ஒரே எழுத்தை எழுத வேண்டும். மூத்த மாணவன் ஒருவன் வந்து மணலைச் சமப்படுத்துவான். அடுத்த கட்டளை வரும். மணல் அதேதான். விளையாட்டு மட்டும் காணாமல் போயிருந்தது. பாட்டும் இல்லை, தானாக அழித்துத் தானாக எழுதும் உரிமையும் இல்லை. செலவில்லாத பொருளை எடுத்துக்கொண்டார்கள், அதற்குள் இருந்த ஆறுதலை விட்டுவிட்டார்கள்.

மூன்று வயதுப் பிள்ளையை மேசையில் இருத்தி ஒரே எழுத்தை ஐம்பது தரம் எழுதவைக்கும்போது நாங்களும் அந்த மண்டபத்தைத்தான் வீட்டுக்குள் கட்டுகிறோம்.

ஜேர்மனியிலிருந்து கொழும்பு வரை

விளையாட்டைத் திரும்பக் கேட்டவர்களும் ஐரோப்பாவில் இருந்தார்கள். ஜேர்மனியில் பிரெடெரிக் புரோபெல் 1837இல் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டு நிலையம் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தார். 1844இல் தாய்மாருக்காக ஒரு நூல் வெளியிட்டார். அது, தாய் மடியில் பிள்ளையை வைத்துப் பாடும் பாட்டு, விரல் விளையாட்டு, கைதட்டு ஆகியவற்றைச் சுற்றி அமைந்தது. பிரஷ்ய அரசு 1851இல் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. பிள்ளைகள் மரக்கட்டை அடுக்கி விளையாடும் இடத்துக்கும் ஓர் அரசாங்கம் பயந்திருக்கிறது!

பிறகு மரியா மொண்டிசோரி. 1907 ஜனவரி 6ஆம் திகதி றோம் நகரின் சன் லொறென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதல் 'பிள்ளைகள் வீடு' திறந்தது. வேலைக்குப் போகும் கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கான இடம் அது. அங்கே அவர் செய்த எழுத்து அட்டைகளைப் பாருங்கள். சேன்ட் பேப்பரில் எழுத்தை வெட்டிப் பலகையில் ஒட்டினார். பிள்ளை அந்தச் சொரசொரப்பை விரலால் தடவி எழுத்தின் வடிவத்தைப் பழகும். மணலும் விரலும் மறுபடி சந்தித்தன.

1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரி நாடானதால் ஊர் திரும்ப முடியாமல் பல வருடம் இந்தியாவில் தங்கினார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நெறி நடத்தினார். இன்று எங்கள் ஊரில் எந்த முன்பள்ளியையும் 'மொண்டிசோரி' என்றே சொல்கிறோம். ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அந்தப் பெயரை, கூடிய கட்டணத்தின் அடையாளமாகச் சிலர் மாற்றிவிட்டது ஒரு கவலை. விலையுயர்ந்த மரப் பெட்டியில் வரும் மணல் எழுத்தை வாங்க முடியவில்லை என்று கவலைப்படும் உம்மாமார் இருக்கிறார்கள். வாசலைத் திறந்தால் கடற்கரை!

விளையாட்டு வீண் வேலையா?

"படிக்கிற வயசில என்ன வெளாட்டு" என்று எங்களிடம் முறைப்பாடு சொல்லும் பெற்றோருக்கு ஒரு விடயத்தை நினைவூட்டுவோம். ஹிஜ்ரி 505இல், அதாவது கிபி 1111இல், வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமுத்தீனில் பிள்ளை வளர்ப்புப் பற்றி எழுதும்போது, ஓதிவிட்டு வரும் பிள்ளையை நல்ல விதமாக விளையாட விட வேண்டும் என்கிறார்கள். விளையாட விடாமல் எந்நேரமும் படிக்க வைத்தால் பிள்ளையின் உள்ளம் செத்துப்போகும், புத்தி மழுங்கும், கடைசியில் படிப்பிலிருந்து தப்பிக்க வழி தேடும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். புரோபெலுக்கு ஏழு நூற்றாண்டுக்கு முந்திய கருத்து இது.

அதற்கும் முன்பு, ஆயிஷா (ரழி) அவர்கள் பொம்மைகளுடன் விளையாடியதும், அவற்றில் துணியால் சிறகு வைத்த ஒரு குதிரையைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் விசாரித்ததும், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததைக் கேள்விப்படவில்லையா என்று அவர்கள் பதில் சொன்னதும், நபியவர்கள் வாய்விட்டுச் சிரித்ததும் ஹதீஸில் பதிவாகியிருக்கின்றன. கற்பனையைத் திருத்தாமல், கேட்டுச் சிரித்து மகிழ்ந்த வீடு அது.

உம்மம்மாவின் கணித பாடம்

இப்போது அந்த மகளின் புளியங்கொட்டைக்கு வருவோம். பல்லாங்குழி எங்கள் கடல் முழுக்க இருக்கிற விளையாட்டு. சிங்கள மக்கள் 'ஒலிந்த கெலிய' என்று சித்திரைப் புத்தாண்டில் விளையாடுகிறார்கள். மாலைதீவில் 'ஒவல்ஹு', மலாய் மக்களிடம் 'சொங்காக்'. பலகை இல்லாவிட்டால் மண்ணில் குழி தோண்டினால் முடிந்தது.

வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை, பதினான்கு குழி. குழிக்கு ஐந்து கொட்டை என்றால் மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இதில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கைக்கு ஒரு கொட்டை, குழிக்கு ஒரு கொட்டை என்று பிள்ளை ஒன்றுக்கொன்று பொருத்துகிறது. பங்கிடுகிறது. நாலு சேர இன்னும் எத்தனை வேண்டும் என்று மனதில் கழிக்கிறது. எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்கிறது. தன் முறை வரும்வரை பொறுத்திருக்கிறது. தோற்றுப் பழகுகிறது. கொக்கான் வெட்டும்போது விரலும் கண்ணும் ஒன்றாக வேலை செய்கின்றன. பென்சில் பிடிக்கத் தேவையான பலம் அந்த விரல்களுக்கு அப்படித்தான் வருகிறது.

இதை எங்கள் கல்வித் திட்டமும் ஏற்றுக்கொண்டது. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்த்து 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், கற்றல் முறையை விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்றாகப் பிரித்தது. தரம் ஒன்று, இரண்டில் விளையாட்டுக்குத்தான் முதலிடம். மேசை வேலை ஆகக் குறைவு. வகுப்பு ஏற ஏறத்தான் மேசை வேலை கூடும். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் விளையாடுவதைக் கண்டு, டீச்சர் படிப்பிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். அதுதான் பாடம்.

எங்கே அறுந்தது?

திட்டத்தில் இருந்தும் வீட்டில் ஏன் இல்லாமல் போனது? யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த வீடுகளில் பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விடப் பயந்தார்கள். பிறகு 2004 டிசம்பர் 26. நாங்கள் அப்போது பாடசாலை மாணவர்கள். கூடாரங்களுக்கு வெளியே சின்னப் பிள்ளைகள் மணலில் வீடு கட்டி, "கடல் வருது, ஓடுங்க" என்று கத்திவிட்டு, தாங்களே அதை மிதித்து உடைத்து, மறுபடி கட்டியதைப் பார்த்தோம். பெரியவர்கள் பதறி ஏசினார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் பயத்தை விளையாடித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு கல்லூரியில் படித்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. அதற்குப் பிறகு பல உம்மாமார் பிள்ளைகளைக் கடற்கரை மணலுக்கே விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது.

பயம் குறைந்த காலத்தில் கைக்கு ஃபோன் வந்துவிட்டது. பிள்ளை அழுதாலும் ஃபோன், சோறு தீத்தவும் ஃபோன்.

2022 ஞாபகம் இருக்கிறதா? தாள் இல்லாமல் அந்த மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. கொப்பி விலை கேட்டால் தலை சுற்றியது. அந்த நாட்களில் நாங்கள் சில ஆசிரியர்கள் சுளகில் மணல் பரப்பி வகுப்புக்குக் கொண்டு போனோம். கொப்பியில் எழுத அழும் ஒரு பிள்ளை மணலில் 'அ' எழுதினான். பிழைத்தது. கையால் தடவினான். மறுபடி எழுதினான். பிழைத்த அடையாளமே இல்லை, சிவப்பு மைக் கோடும் இல்லை. பத்துத் தரம் அழித்து எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்து, "இன்னொருக்கா எழுதவா டீச்சர்?" என்று கேட்டான். நொக்ஸ் கண்ட மணலுக்குள் இருந்த இரகசியம் இதுதான் என்று அன்று விளங்கியது. பிழை விட்டாலும் யாரும் ஏச மாட்டார்கள் என்று தெரிந்தால் பிள்ளை தானாகவே மறுபடி எழுதும்.

வீட்டில் செய்து பார்க்க

சுளகு மணல்: கடல் மணலைக் கழுவிக் காயவைத்துச் சுளகிலோ பழைய தட்டத்திலோ ஒரு விரல் தடிப்புக்குப் பரப்புங்கள். முதல் நாளே எழுத்து வேண்டாம். கோடு, வட்டம், மீன், பாம்பு கீறட்டும். எழுத்துத் தானாக வரும். மணல் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டைக் கணக்கு: சோறு சமைக்கும்போது, "வீட்டில எத்தனை பேர்? ஆளுக்கு ரெண்டு கொட்டை வை" என்று சொல்லுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு கொட்டை கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும். சிரட்டை, பெரிய சிப்பி கொடுங்கள். குண்டுமணியை யாருக்கும் விளையாடக் கொடுக்காதீர்கள், அது கொடிய நஞ்சு.

சிப்பி பிரித்தல்: கடற்கரைக்குக் கூட்டிப் போய் ஒரு பை சிப்பி, சோகி பொறுக்கி வாருங்கள். பெரியது, சின்னது, சொரசொரப்பு, வழுவழுப்பு என்று பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு பிள்ளை தன் விருப்பப்படி பிரிக்கட்டும். ஏன் அப்படிப் பிரித்தாய் என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதில்தான் மொழிப் பாடம்.

கறுப்பு மணல்: புல்மோட்டையில் இல்மனைட்டைக் காந்தத்தால் பிரித்து ஏற்றுமதி செய்கிறார்கள். பழுதான ஸ்பீக்கரின் காந்தத்தைக் கடதாசியில் சுற்றிக் கறுப்பு மணலில் தடவுங்கள். சில மணிகள் ஒட்டும், சில ஒட்டாது. ஏன் என்று பிள்ளை கேட்டால் விஞ்ஞானம் தொடங்கிவிட்டது.

ஓலை: மூத்தாப்பாவிடம் கொடுத்து ஊதுகுழலும் பாம்பும் செய்து காட்டச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமான் ஏற்கெனவே செய்து முடிந்தது. ஓலைப் பாம்பு பிள்ளையின் கண் முன்னால் உருவாகிறது.

நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஒரு நிபந்தனை மட்டும்: பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். மணலை வைத்துவிட்டுப் போனால் அதுவும் இன்னொரு ஃபோன்தான். உம்மா, வாப்பா, ராத்தா, நானா யாராக இருந்தாலும் சரி. இருந்து பார்த்து, கேட்டு, சிரித்தால் போதும். அந்த மகளின் உம்மம்மா செய்தது அவ்வளவுதான். கடந்த வருடம் அவர் வபாத்தானார். அல்லாஹ் அவருக்கு உயர்ந்த சுவனத்தைக் கொடுப்பானாக.

அவரிடம் அந்த விளையாட்டுகளைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தோம். லீவு வரட்டும், நோன்பு முடியட்டும் என்று தள்ளிப் போட்டோம். இப்போது அவருடைய பேத்திக்குத் தெரிந்த அளவுதான் மிச்சம். உங்கள் வீட்டிலும் ஒரு மூத்தம்மா இருப்பார். இந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பிள்ளைகளையும் ஒரு கைபிடி புளியங்கொட்டையையும் அவர் முன்னால் வைத்துவிட்டு, "சின்ன வயசில நீங்க எப்படி வெளாடின?" என்று கேளுங்கள். எழுதி எங்களுக்கும் அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், எங்கள் வகுப்புப் பிள்ளைகளும் அதை விளையாடுவார்கள்.